ஹெக்லி மாளிகையின் தென்மேற்கு மூலை

ஓஸ்லோவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. சமைத்துப் போடப் போனேன். தம்பி சரவணன் மார்ச் கடைசியில் பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். அவன் மனைவி அலுவலக வேலையாக ஜெர்மனியில் இருந்தாள். எனக்கு மூன்று வாரம் விடுப்பு கிடைத்தது. பாளையங்கோட்டையில் நில அளவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. எங்கே போனாலும் அளவைப் புத்தகம் ஒன்று கைப்பையில் இருக்கும். அதில் நாள், நேரம், வானிலை, அன்று பார்த்தது ஆகியவற்றை எழுதுவேன். இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தேன். தம்பி இருப்பது அம்மருட்டில், ஓர் உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில். ஏப்ரல் முடியப்போகிறது, ஆனாலும் கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சமையலறை ஜன்னலுக்கு நேர் வடக்கே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், மேட்டின் மேல் ஒரு வெள்ளை வீடு தெரிந்தது. இரண்டு மாடி, முகப்பில் நான்கு தூண்கள், சரிசமமான ஜன்னல்கள். சுற்றிலும் இவ்வளவு சிமென்ட் கட்டடங்கள் இருக்க, அது மட்டும் யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல் நின்றது.

அது யார் வீடு என்று கேட்டேன். "ஏதோ பழைய பங்களாக்கா. சண்டே போனா காபியும் வாஃபிளும் கிடைக்கும்," என்றான் தம்பி. ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்குகிறவன் அவன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஐந்தாவது மாடியில் இருக்கும் யோகாக்கா ஒரு பாத்திரத்தோடு நின்றார். அறுபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. முதியோர் இல்லத்தில் வேலை. கால் ஒடிந்த தம்பிக்கு ஒரு மாதமாகச் சாப்பாடு கொடுத்துவந்தவர் அவர்தான். பாத்திரத்தில் சொதியும் இடியாப்பமும் இருந்தன.

எங்கள் திருநெல்வேலியிலும் சொதி உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் காய்கறி போட்டுக் கெட்டியாக வைத்து, இஞ்சிப் பச்சடியோடு சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவோம். யோகாக்காவின் சொதி மஞ்சள் நிறத்தில் தண்ணீராக, எலுமிச்சைப் புளிப்போடு இருந்தது. புதன்கிழமை எங்கள் சொதியை வைத்துக் கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு பிள்ளை. ஆனா இது சொதி இல்லை, குருமா," என்றார். ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பிள்ளை என்று அழைக்க ஓர் ஆள் கிடைத்ததற்காக அதைப் பொறுத்துக்கொண்டேன்.

அன்று, திங்கட்கிழமை, என் வேலையைக் கேட்டதும் அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த வெள்ளை வீட்டின் பெயர் ஹெக்லி என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுற்றிக் காட்டும் தன்னார்வலர்களில் தானும் ஒருவர் என்றும் சொன்னார். அம்மருட்டில் நாங்கள் நிற்கும் இந்தக் கட்டடம் உட்படக் கண்ணுக்கு எட்டியவரை ஒரு காலத்தில் ஹெக்லியின் நிலம். பிறகு கேட்டார்: "பழைய வரைபடம் பார்த்து, அதிலை இருக்கிற இடத்தை நிலத்திலை காட்ட உங்களாலை ஏலுமே?"

அது என் அன்றாட வேலை என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாலை யோகாக்கா வீட்டில் ஆர்னேயைச் சந்தித்தேன். மூன்றாவது மாடிக்காரர், எண்பத்து மூன்று வயது, நெட்டையான மனிதர். அளவாக ஆங்கிலம் பேசினார். காலணியை வாசலிலேயே கழற்றி, சுவரோடு நேராக வைத்துவிட்டு வந்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

அவருடைய தாய் ஹெக்லி நிலத்தில் ஒரு குடிசையில் பிறந்தவர். ஹெக்லிக்குக் குடியாட்கள் பலர் இருந்தார்கள். ஒரு குடிசை, உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம், அதற்குப் பதிலாகப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும் நாளெல்லாம் வேலை. நிலம் அவர்களுடையதல்ல. குடிசையின் சுவர்மரங்கள்கூடச் சில இடங்களில் அவர்களுடையவை அல்ல. ஆண் இறந்தால் குடும்பம் வெளியேற வேண்டும். ஆர்னேயின் தாத்தா இறந்தபோது தாய்க்கு ஏழு வயது. ஒரு பசுவோடும் ஒரு பெட்டியோடும் வெளியேறினார்கள். குடிசையைப் பிறகு இடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஜமீன் நிலங்களில் குடியிருந்தவர்களுக்குப் பட்டா கொடுக்க மனை அளந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கதை கேட்டு எல்லைக்கல் நட முடியாது என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். "இங்கேதான் வாசல், அங்கேதான் வேம்பு" என்று பெண்கள் வந்து சொல்வார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வரைபடத்தைப் பார்ப்பேன்.

காலம் போய் ஹெக்லி நிலம் விற்கப்பட்டு இந்தக் கட்டடங்கள் வந்தன. புதிதாகக் கல்யாணமான ஆர்னேக்குத் தற்செயலாக இங்கேயே வீடு கிடைத்தது. தாயை ஒருமுறை அழைத்துவந்தார். நிலம் முழுவதும் நிரவப்பட்டிருந்தது. தாய் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்றார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: எங்கள் வாசலில் நின்றால் பெரிய வீடு தெரியாது.

"கூப்பிடு தூரத்தில் இருந்த வீடு எப்படித் தெரியாமல் போகும் என்று நாங்கள் சிரிப்போம்," என்றார் ஆர்னே. "அவள் அதோடு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்."

இப்போது பிரச்சினை குப்பைத் தொட்டி. குடியிருப்புச் சங்கம் நிலத்துக்கு அடியில் இறக்கும் பெரிய குப்பைத் தொட்டிகள் வைக்கப்போகிறது. அதற்குக் கட்டடங்களுக்கு நடுவே இரண்டு இடங்கள் தோதாக இருந்தன. மேலே பிர்ச் மரங்களின் பக்கம் ஒன்று, கீழே ஒரு பாறைத் திட்டின் மறுபுறம் ஒன்று. மேலிடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குடிசையின் அடித்தளம் அங்கே இருக்கலாம், இடம் மாற்றுங்கள் என்று ஆர்னே கேட்டார். சங்கத் தலைவி பெரித், எங்கே இருக்கிறது என்று நிலத்தில் காட்டுங்கள், மாற்றுகிறோம் என்றார். அடுத்த திங்கள் காலை இயந்திரம் வருகிறது.

யோகாக்கா தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். ஹெக்லி மாளிகையின் நடைக்கூடத்தில் தொங்கும் பழைய வரைபடம். வீடு, களஞ்சியம், தொழுவம், ஓடை, குடிசைகள் எல்லாம் மெல்லிய மையில் வரையப்பட்டு, அளவுகள் ஆலென் என்ற பழைய முழக்கணக்கில் இருந்தன. ஓர் ஆலென் இரண்டு அடிக்குச் சற்று மேல். ஆர்னேயின் தாத்தா இருந்த குடிசைக்கு எதிரே, வீட்டின் தென்மேற்கு மூலையிலிருந்து மேற்குச் சுவரின் நேர்கோட்டில் தெற்கே முந்நூற்றுப் பத்து, அங்கிருந்து கிழக்கே எழுபது என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுதிய ஆள் என் ஜாதி. எண்களை அடித்து எழுதாதவன்.

புதன்கிழமை நீள நாடா வாங்கப் போனேன். தம்பியிடம் இருந்தது ஐந்து மீட்டர் நாடா, துணி அளக்க ஆகும். ஸ்டோவ்னரில் பெரிய கடை இருக்கிறது, நாலைந்து நிலையம்தான் என்றான். நடைமேடையில் எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டேன். நகரத்தை நெருங்கிய பிறகுதான் தெரிந்தது. பதற்றத்தில் ஒரு நிலையத்தில் இறங்கி, கிழக்கே போகும் அடுத்த ரயிலைப் பிடித்தால் அது வேறு தடம். பக்கத்தில் ஒரு பெண் கைபேசியில், "அம்மா, நான் பானனிலை வாறன், மிடாக் வைக்க வேண்டாம், சாப்பிட்டனான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பானன் என்றால் ரயில், மிடாக் என்றால் மாலைச் சாப்பாடு. அவளிடம் தமிழில் ஸ்டோவ்னர் எப்போது வரும் என்று கேட்டேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "அன்ரி, இது ஸ்டோவ்னருக்குப் போகாது. நீங்கள் இந்தியாவோ?" என்றாள். ட்வெய்ட்டாவில் இறக்கிவிட்டு, அங்கேயும் கடைத்தொகுதி இருக்கிறது என்று கையைக் காட்டினாள். முப்பது மீட்டர் நாடா அங்கேயே கிடைத்தது. புறப்பட்ட இடத்தில் பிழை இருந்தால் எவ்வளவு கவனமாகப் போனாலும் வேறு ஊரில்தான் இறங்குவோம் என்று அன்று வேடிக்கையாகப் புத்தகத்தில் எழுதினேன்.

வியாழன் காலை ஒன்பதுக்கு அளக்கப் புறப்பட்டேன். மேகமூட்டம், காற்று இல்லை. "ஏக்கா, இங்கயும் அளவுச் சங்கிலியத் தூக்கிட்டியா?" என்று தம்பி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். யோகாக்காவுக்கு அன்று வேலை. நாடாவின் முனையைப் பிடித்தவர் ஆர்னே. மாளிகையின் தென்மேற்கு மூலையில், வெள்ளைப் பலகையும் கருங்கல் அடிச்சுவரும் சேரும் இடத்தில், அவர் முட்டி போட்டு முனையை அழுத்திக்கொண்டார்.

முந்நூற்றுப் பத்து ஆலென் என்பது நூற்றுத் தொண்ணூற்று நான்கரை மீட்டர். ஏழு முறை நாடாவை நகர்த்தினோம். புல்வெளியைத் தாண்டி, ஒரு முதிய லிண்டன் மரத்தின் பக்கமாகக் கீழே இறங்கி, கட்டடங்களுக்கு நடுவே உள்ள நடைபாதை வரை. அங்கிருந்து செங்கோணம் எடுத்துக் கிழக்கே நாற்பத்து நான்கு மீட்டர். பிர்ச் மரங்களின் பக்கம் போய் நின்றது. சங்கம் தேர்ந்தெடுத்திருந்த அதே மேலிடம்.

என் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு புள்ளியிலிருந்து அளந்ததை இன்னொரு புள்ளியிலிருந்து சரிபார்க்காமல் கல் நடக்கூடாது. வரைபடத்தில் இருந்த களஞ்சியம் எரிந்துபோயிருந்தது. தொழுவத்தின் மேல் சாலை போகிறது. மிச்சம் ஓடை. ஓடை வளையும் இடத்தையும் வீட்டிலிருந்து அளந்து பார்த்தேன். வடக்கு தெற்காக ஐம்பத்திரண்டு மீட்டர் பொருந்தவில்லை. தாமிரபரணிக் கால்வாய்களை அளந்து பழகியவள் நான். கரை நகரும், ஓடை திரும்பும், கட்டடம் வரும்போது குழாயில் திருப்பியும் விடுவார்கள். வீடு நின்ற இடத்தில் நிற்கும். குறிப்புக் கலத்தில் "ஓடை நகர்ந்துள்ளது" என்று எழுதி, குடிசையின் நான்கு மூலைகளிலும் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்தேன்.

ஆர்னே முளைகளுக்கு நடுவே போய் நின்றார். வடக்கே திரும்பினார். மேட்டின் மேல் வெள்ளை வீடு முழுதாகத் தெரிந்தது. தூண்களை எண்ணலாம்.

"அப்படியென்றால் அவள் தவறாக ஞாபகம் வைத்திருந்தாள்," என்றார். "சின்னப் பெண்தானே."

அளவு துல்லியமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு நாடாவைச் சுற்றித் தந்தார்.

வெள்ளிக்கிழமை பெரித் வந்து பார்த்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு எண்ணையும் கூட்டிப் பார்த்தார். பிறகு தலையசைத்து, குப்பைத் தொட்டியைக் கீழிடத்துக்கு, பாறைத் திட்டின் மறுபுறம் மாற்றுவதாகச் சொன்னார். அங்கேயே நின்று ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று மாலை வெண்டைக்காய்க் குழம்பு வைத்து, யோகாக்காவையும் ஆர்னேயையும் அழைத்தேன். ஆர்னே உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். தாயைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு யோகாக்காவின் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டேன். வேலை முடிந்த நிம்மதியில்தான் போனேன். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். அவர் நோர்வே மொழியில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹெக்லியின் சொந்தக்காரர்கள் மர வியாபாரிகள். இந்த மலைகளின் மரம் பலகையாக இங்கிலாந்துக்குப் போனது. மகனைத் தொழில் பழக அங்கே அனுப்பினார்கள். அவன் மரம் வாங்குகிறவரின் கிராமத்து மாளிகையில் இரண்டு வருடம் தங்கினான். திரும்பி வந்தபோது அவன் தலைக்குள் அந்த மாளிகை இருந்தது. உயரத்தில் வீடு, கீழே தடையில்லாமல் இறங்கும் புல்வெளி, வளைந்து போகும் பாதை, ஒரு குளம், அங்கங்கே தனி மரங்கள். வேலை நடக்கும் இடம் எதுவும் கண்ணில் படக்கூடாது. மாடுகள் புல்வெளிக்குள் வராமல் வேலி வேண்டும், ஆனால் வேலியும் தெரியக்கூடாது என்று ஆழமான பள்ளம் வெட்டி அதற்குள் சுவர் எழுப்பினான். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. உள்ளூர்க் கல்யாண வீட்டார் அதன் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"கண்ணுக்கு முன்னாலை ஏழையள் தெரியக்கூடாது எண்டுதான் இவ்வளவும்," என்று யோகாக்கா எனக்கு மட்டும் சொன்னார். நோர்வே மொழியில் அதை எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. கேட்ட இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

கடைசியாகப் பரணுக்கு ஏறினோம். வெளியே வெள்ளைப் பலகையும் உள்ளே சுவர்த்தாளும் மறைத்திருந்தது அங்கே திறந்து கிடந்தது. பலகைக்குப் பின்னால் கல்லும் காரையும் என்று நான் நினைத்திருந்த சுவர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முழு மரங்கள். ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் உளியால் வெட்டிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு, மூன்று, பெருக்கல் குறி போல ஒன்று. கீழிருந்து மேலாக வரிசை தவறாமல் ஏறின.

இது என்ன என்று கேட்டேன்.

"கழட்டேக்கை போட்ட இலக்கம். திருப்பிப் பூட்டேக்கை மாறாமல் இருக்க."

"எதைக் கழற்றும்போது?"

"இந்த வீட்டைத்தான். முந்தி இது கீழை, லிண்டன் மரத்தடியிலை நிண்டது. மகன் இங்கிலாந்திலை இருந்து வந்த பிறகு, மரம் மரமாய்க் கழட்டி நேரை மேலை கொண்டுவந்து பூட்டினவை. பார்வை வேணுமாம்."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இஞ்சை மர வீடுகளைக் கழட்டிக் கொண்டுபோறது வழமை பிள்ளை. எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கேக்கேல்லையே."

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அளந்த நாளில் அவர் வேலைக்குப் போயிருந்தார். முளைகளை மட்டும் பார்த்தார். எங்கிருந்து அளந்தேன் என்று நானும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே நான் நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "எங்கடை வீடு கல்வீடு. கழட்டிக்கொண்டு வரேலாமல் போச்சு," என்று மெதுவாகச் சொல்லி, கூட்டத்தைக் கீழே அழைத்துப்போனார்.

அன்று இரண்டரை மணிக்கு யோகாக்காவும் நானும் லிண்டன் மரத்தடிக்குப் போனோம். புல்லுக்குள் செவ்வகமாக ஒரு தாழ்வு இருந்தது. வியாழக்கிழமை நாடாவோடு அதன் ஓரமாகத்தான் நடந்திருக்கிறேன். கையால் புல்லை விலக்கினால் அடிச்சுவரின் கற்கள். தென்மேற்கு மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இப்போதைய வீட்டின் தென்மேற்கு மூலை வரை அளந்தேன். ஐம்பத்திரண்டு மீட்டர். ஓடையின் வளைவை அங்கிருந்து அளந்தேன். ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லாமல் பொருந்தியது.

ஓடை நகரவில்லை. வரைபடம் வரைந்த பிறகு வீடுதான் நகர்ந்திருந்தது.

அந்த மூலையிலிருந்து தெற்கே முந்நூற்றுப் பத்து ஆலென். இந்த முறை முனையைப் பிடித்தவர் யோகாக்கா. கோடு பிர்ச் மரங்களைத் தாண்டி, பாறைத் திட்டைச் சுற்றி, அதன் மறுபுறம் இறங்கியது. கிழக்கே எழுபது. நின்ற இடத்தில் புல்லின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டம் தெளித்திருந்தார்கள். மறுநாள் காலை தோண்டுவதற்கான அடையாளம். நான் சொல்லித்தான் இடத்தை இங்கே மாற்றியிருந்தார்கள். நான் வராமலே இருந்திருந்தால் இந்த இடத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இருபத்தாறு வருடத்தில் என் அளவு பிழை என்று நானே போய்ச் சொன்னது இல்லை. மேல்முறையீட்டில் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அது வேறு. பெரித் வீட்டு மணியை நாலே முக்காலுக்கு அழுத்தினேன். யோகாக்கா பக்கத்தில் நின்றார். பெரித் எங்களை உள்ளே அழைக்கவில்லை. வாசலில் நின்றபடியே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இதே எண்களைத்தான் நான் கூட்டினேன். சரியாக இருந்தன."

"கூட்டல் சரி. தொடங்கிய இடம் தவறு," என்றேன்.

ஒப்பந்தக்காரரை ஏற்கனவே ஒருமுறை மாற்றச் சொல்லியாகிவிட்டது, குடியிருப்பவர்களுக்கு அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது, நீங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தக் குடிசை இன்னும் எத்தனை இடத்துக்குப் போகும் என்று கேட்டார். யோகாக்கா நோர்வே மொழியில் நீளமாகப் பேசினார். குரலை உயர்த்தவில்லை. பேச்சில் ஆர்னேயின் பெயர் மூன்று முறை வந்தது. கடைசியில் பெரித் ஒரு முடிவு சொன்னார். காலை ஏழு மணிக்கு இயந்திரம் மேல்மண்ணை மட்டும் சுரண்டும். கல் தெரிந்தால் தொட்டி பழையபடி மேலிடத்துக்குப் போகும். தெரியாவிட்டால் அங்கேயே தோண்டுவார்கள், இந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆர்னேயிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். இன்னொரு முறை அவரை ஏமாற்ற எனக்குத் துணிவில்லை.

திங்கள் காலை ஆறு ஐம்பதுக்குக் கீழே போனேன். நான்கு பாகை வெப்பம், மெல்லிய தூறல். இயந்திரத்தை ஓட்டியவர் லித்துவேனியாக்காரர். பெரித் சொன்னதைக் கேட்டுவிட்டு, பல் வைத்த வாளியைக் கழற்றி, தட்டையான விளிம்புள்ள வாளியை மாட்டினார். அதைப் பார்த்ததும் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

முதல் அரை மீட்டரும் கட்டடம் கட்டியபோது கொட்டிய மண். செங்கல் துண்டு, கம்பி, ஒரு பால் போத்தல். ஏழு மணி இருபதுக்கு மண்ணின் நிறம் கறுப்பாக மாறியது. வாளி எதன் மேலோ உரசியது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, கைமண்வெட்டியால் விலக்கினார். ஒரு கல். அதன் பக்கத்தில் இன்னொன்று. காரை இல்லாமல் அடுக்கிய சின்னச் சுவரின் மேல்விளிம்பு. நான்கு அடிக்கு ஆறு அடி, உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் குழி. அதற்கு மேற்கே, எல்லாக் கற்களையும்விட அகலமாக, நடுவில் தேய்ந்து பள்ளமான ஒரு தட்டைக் கல்.

பெரித் குடையை மடக்கினார். கைபேசியை எடுத்து, ஒப்பந்தக்காரரிடம் மேலிடம் என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "இந்த முறை தொடங்கிய இடம் சரி," என்றார்.

யோகாக்கா போய் ஆர்னேயைக் கூட்டிவந்தார். சட்டைக்கு மேல் கோட்டு மாட்டியிருந்தார், பொத்தான் போடவில்லை. நடந்ததை நான் அவருக்குச் சொன்னேன். வீடு நகர்ந்ததை, ஓடை பொருந்தாததை, அதை நான் தள்ளிவிட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கற்களைப் பார்த்தார். வாசல் எது என்று கேட்டார். தேய்ந்த கல்லைக் காட்டினேன்.

ஓட்டுநர் கை கொடுத்து அவரை இறக்கிவிட்டார். ஆர்னே குனிந்து காலணிகளைக் கழற்றினார். மழையில் நனைந்த புல்லின் மேல் அவற்றைச் சேர்த்து நேராக வைத்தார். காலுறையோடு அந்தக் கல்லின் பள்ளத்தில் ஏறி நின்று, வடக்கே திரும்பினார்.

பாறைத் திட்டு இருந்தது. அதன் மேல் நாலைந்து பிர்ச் மரங்கள் துளிர்விடத் தொடங்கியிருந்தன. அதற்கு மேல் வானம். பெரிய வீட்டின் கூரை நுனிகூடத் தெரியவில்லை. நான் ஓரடி தள்ளி நின்று, அவர் உயரத்துக்கு எம்பிப் பார்த்தேன். தெரியவில்லை.

அவர் நோர்வே மொழியில் ஏதோ சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை. யோகாக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "'நீ சரியாத்தான் சொன்னனி அம்மா' எண்டு சொல்லுறார்," என்றார்.

எட்டு மணிக்கு மேலே போய்த் தம்பிக்குத் தோசை சுட்டேன். ஜன்னலுக்கு நேரே அந்த வெள்ளை வீடு வழக்கம்போல் நின்றது. எட்டாவது மாடியிலிருந்து எல்லாம் தெரிகிறது. பிறகு அளவைப் புத்தகத்தை எடுத்து, வியாழக்கிழமைப் பக்கத்தில் "ஓடை நகர்ந்துள்ளது" என்ற வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, சுருக்கொப்பமிட்டேன். திங்கட்கிழமைக்கு உரிய பக்கத்தில் தூரங்களை எழுதினேன். குறிப்புக் கலத்தில் நான் இதுவரை எந்த நிலத்துக்கும் எழுதாத ஒன்றை எழுதினேன்: வாசலிலிருந்து பெரிய வீடு தெரியாது. ஆதாரம், இங்கே பிறந்தவளின் வாய்மொழி.